நாலாவது டம்ளர்

அக்கா அனுப்பிய நூலில், இரண்டு முடிச்சுகளுக்கும் நடுவே ஓரிடம் நெளிந்திருந்தது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். இறுக்கிப் போட்ட முடிச்சை நகத்தால் பிரித்தெடுத்தால் நூல் அப்படி நெளியும். தையல் கடையில் இரண்டு வருடமாக என் வேலையில் பாதி பிரிப்பதுதான் என்பதால் எனக்கு அது தெரியும்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தொலைவில் ஓர் ஊரில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்குச் சட்டைகளை நான்தான் தைத்து அனுப்புவேன். அவளிடம் இருக்கும் டேப்பின் முனை பிய்ந்துபோய்விட்டதால் எண்களை நாங்கள் நம்புவதில்லை. ஒரு வெள்ளை நூலை உடம்பில் சுற்றி, இடுப்பளவில் முதல் முடிச்சும் மார்பளவில் இரண்டாவது முடிச்சும் போட்டு, கடிதத்தோடு மடித்து வைத்துவிடுவாள். போனிலேயே சொல்லலாமே என்று கேட்பார்கள். எங்கள் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஸ்பீக்கருக்கு முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் அக்காவுக்கு நான் நத்தை.

அந்த வருடத்துக் கடிதங்கள் இவை. நான் எழுதியவற்றை அவளிடமிருந்து கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது என்று இந்தமுறை முதல் வரியில் எழுது. சென்ற தடவை கடைசி வரியில் ஒளித்து வைத்திருந்தாய்.

நூல் கிடைத்தது. இடுப்பு போன தடவையைவிட இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். பள்ளிப் பஸ்ஸை எடுக்கப் போகிற அவசரத்தில், ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்று, "எங்க ரெண்டு தட்டு இப்ப ஒரு தட்டாயிட்டாளா" என்று சிரித்தார். அந்தப் பட்டப்பெயரை ஆறு வயதில் உனக்கு வைத்தது நான்தான். இப்போது காதில் விழும்போது கூச்சமாக இருக்கிறது.

காலண்டரில் ஜூன் பத்தாம் தேதியை அப்பா சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார். அதற்குள் பத்து கிலோ குறைத்தால்தான் உன் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன், இல்லாவிட்டால் போட்ட தையல் தாங்காது என்று டாக்டர் சொன்னதை பஸ்ஸில் ஏறுகிற எல்லாரிடமும் சொல்லிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட உன் எடை தெரியும்.

கடை மாஸ்டர் நூலைப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா உங்க அக்காவுக்கு ஒரு கைக்குட்டைத் துணி போதும்" என்றார். அவர் வாய் ஓடினால்தான் மெஷின் ஓடும்.

நூலில் உள்ளபடி தைக்கிறேன். பசித்தால் சாப்பிடு. ஈரத்துணி மூட்டையைத் தனியாகத் தூக்காதே.

உன்,
நத்தை

பிப்ரவரி 21

என் நத்தைக்கு,

வலி இல்லை. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், போதுமா? நீயும் அப்பாவும் நன்றாக இருப்பது சந்தோஷம். அப்பா இரவில் இருமுகிறாரா என்று நீ எழுதவில்லை.

உணவு ஆலோசகர் தந்த தாளைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். தலைவாரும்போதும் அதைத்தான் படிக்கிறேன். காலையில் ஒரு முட்டை, மதியம் தட்டில் பாதி காய், கால்வாசி சோறு. சலவைக்கூடத்தில் மடிப்பு மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறாளே, அவள் என் டிபன் டப்பாவைப் பார்த்து, "இது உனக்கா, முயலுக்கா?" என்கிறாள். ஒரு துணுக்குகூட அதிகம் சாப்பிடுவதில்லை என்று எல்லாரும் மெச்சுகிறார்கள்.

இந்த மாதம் எடை பார்க்கவில்லை. எடை மெஷின் இருக்கிற அறையில் வெள்ளையடிக்கிறார்கள்.

அப்பா எனக்குப் போன் செய்யும்போது நீ பக்கத்தில்தான் இருக்கிறாயா? ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன். கண்ணுக்கு ஓய்வு கொடு. ஊசி கோர்க்கும்போது வெளிச்சத்துக்குப் போ.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இரண்டு பேரும் நலம். அப்பா இருமுவதில்லை, குறட்டைதான். உன் உடம்பு எப்படி? அறைக்கு வெள்ளையடித்து முடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சட்டைகள் இரண்டும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. நீலத்தில் கோடு போட்டது அப்பா எடுத்த துணி. கடைக்காரரிடம், "ஒல்லியாகிறவங்களுக்கு என்ன கலர் எடுக்கும்?" என்று கேட்டு வாங்கினாராம்.

ஒரு விஷயம். பக்கத் தையல் இரண்டையும் வெள்ளை நூலில் போட்டிருக்கிறேன். கீழ்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் முழுதும் பிரிந்து வந்துவிடும். உள்ளே அதற்கு அடுத்து இன்னொரு தையல் இருக்கிறது, அது பிரியாது. கடையில் இப்போது எல்லாருக்கும் இப்படித்தான் தைக்கிறோம். வேறு ஒன்றுமில்லை.

அப்பா போன் செய்யும்போது நான் பக்கத்தில்தான் இருப்பேன், துணி மடித்துக்கொண்டு. "சாப்டியாம்மா?" என்று அவர் கேட்பதும், "சாப்ட்டேன்பா" என்று நீ சொல்வதும் கேட்கும். அதற்கப்புறம் இரண்டு பேரும் என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிடுவீர்கள். நீ கேட்டதால் எழுதினேன்.

உன்,
நத்தை

ஏப்ரல் 2

நத்தைக்கு,

நலம். சட்டை வந்தது. கனகச்சிதம். அப்பாவிடம் நிறம் நன்றாக எடுப்பதாகச் சொல்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. போனில் அப்பாவிடம் நன்றாக இருக்கிறேன் என்றாய், அது எனக்கும் கேட்டது. ஆனால் சட்டை போட்டு எடுத்த படம் ஒன்று அனுப்பு என்று அவர் கேட்டபோது லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது அக்கா. உன் பின்னால் சலவை மெஷின் சுற்றுவதுகூடக் கேட்டது.

நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஒரு பழைய விஷயம் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கையில், நீ லீவில் வந்திருந்தபோது ஒருநாள் காலையில் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். நீ என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாப்பா, நல்லா சுடுது" என்று அப்பாவிடம் சொன்னாய். என் நெற்றி சுடவில்லை. உன் கைக்கும் அது தெரியும். அடுத்த நாளும் சுடுகிறது என்றாய். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நானாகச் சொன்னேன், வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் தெரிகிறது, குரல் மட்டும் வரவில்லை என்று. நீ திட்டவில்லை. "சரி, அந்தத் தட்டை இங்க குடு" என்றாய். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு எவ்வளவு லேசாக இருந்தது என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அப்பா நலம். மாஸ்டருக்குப் பல் வலி. இரண்டு நாளாகக் கடை அமைதியாக இருக்கிறது.

உன்,
நத்தை

மே 19

என் செல்ல நத்தைக்கு,

நீயும் அப்பாவும் நலம்தானே. எனக்கு வலி இருக்கிறது. தூக்கும்போது மட்டும்.

சட்டை முதல் நாளே ஏறவில்லை. கட்டிலில் உட்கார்ந்து உன் வெள்ளை நூலை இழுத்தேன். பக்கத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விரிந்தது. பிறகு சட்டை சரியாக இருந்தது, அளவெடுத்ததுபோல. உண்மையான அளவே அனுப்பாத சட்டை எப்படிச் சரியாக இருக்கும் என்று யோசித்தபோதுதான் உனக்கு எல்லாம் தெரியும் என்று புரிந்தது. அதனால்தான் ஒரு மாதம் எழுதவில்லை. கோபம் இல்லை, வெட்கம்.

உண்மையைச் சொல்கிறேன். முடிச்சை நகர்த்திப் போட்டேன். ஒரு கிலோ குறைந்தது, பிறகு இரண்டு ஏறியது. அறைக்கு வெள்ளையடிக்கவும் இல்லை. மூன்று மாதமாக நான் எடை மெஷின் பக்கமே போகவில்லை.

எல்லார் முன்னாலும் அந்தத் தாளில் உள்ளபடிதான் சாப்பிடுகிறேன். பொய் இல்லை. நாலு மணிக்கு அறைக்கு வருவேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி ரொட்டிப் பாக்கெட்டைப் பிரிப்பேன். ஆறு துண்டு, ஏழு துண்டு, ஒன்றும் தடவாமல், தண்ணீர் குடிக்காமல். பசி இல்லை, நத்தை. பசி என்றால் வயிறு சொல்லுமே. இது கை தானாகப் போவது. பாக்கெட் காலியானதும் அதை நான்காக மடித்துக் குப்பையில் அடியில் வைப்பேன். அப்போது ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்கும். அப்புறம் அழுகை வரும்.

போன வாரம் ஆலோசகரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் தாளை மாற்றவில்லை. ஒரு சின்ன நோட்டைத் தந்து, "என்ன சாப்ட்டீங்கன்னு எழுத வேணாம். சாப்பிடுறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதுங்க" என்றார். எழுதினேன். ஏழு நாளில் ஐந்து நாள் ஒரே வரிதான் வந்திருக்கிறது: அப்பா போன்.

அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நம் பழைய சமையலறை நினைவுக்கு வந்தது.

அம்மா போன பிறகு, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பியதும், அப்பா முதன்முதலாகத் தானே அரிசி போட்டார். எப்போதும்போல நாலு டம்ளர். நாம் மூன்று பேர். இரவு அவர் பானையின் மூடியைத் திறந்தார், அடியில் மிஞ்சிக் கிடந்தது. மூடியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு வெளியே போய், காலையில் கழுவிய பஸ்ஸைத் திரும்பக் கழுவினார். நீ தூங்கிவிட்டாய். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அடுத்த நாளும் நாலு டம்ளர். அன்றைக்கு நான் இரண்டாவது தட்டு போட்டுக்கொண்டேன். அப்பா மூடியைத் திறந்து பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அவர் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பானையில் மிஞ்ச விட்டதே இல்லை, நான் இங்கே வேலைக்கு வரும்வரை. நீ ரெண்டு தட்டு ரெண்டு தட்டு என்று கத்திக்கொண்டு என்னைச் சுற்றி ஓடுவாய். நானும் சிரிப்பேன்.

இப்போதும் அவர் "சாப்டியாம்மா" என்று கேட்டதும் எங்கேயோ ஒரு பானை மிஞ்சியிருப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் பத்துக்கு நான் தயார் இல்லை. ஆபரேஷன் நடக்காவிட்டால் இந்த வேலையில் நிற்க முடியாது. அப்பாவிடம் சொல்லாதே. அவர் தாங்க மாட்டார்.

அக்கா

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் வலியை முதல் வரியில் எழுதியதற்கு நன்றி.

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். மாஸ்டர், "என்னம்மா, ஊசி குத்திடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

நீ சொல்லாதே என்று எழுதியிருந்தாய். கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டேன். நான் அவரிடம் கேள்வி கேட்பதே அபூர்வம் என்பதால் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"அப்பா, அம்மா போனதுக்கு அப்புறமும் ஏன் நாலு டம்ளர் அரிசி போட்டீங்க?"

உனக்கு நான் அப்படியே எழுதுகிறேன். அவர் சொன்னது இது:

"முதல் ரெண்டு நாள் கை மறந்துபோய் போட்டுட்டேன். மூணாவது நாள் ஞாபகமா மூணுதான் எடுத்தேன். ஆனா முந்தின ராத்திரி பெரியவ ரெண்டு தட்டு சாப்ட்டிருந்தா. வீட்ல யாருக்கும் ஒரு வாய் இறங்கல, அந்தப் பிள்ளைக்காவது இறங்குதேன்னு இருந்துச்சு. சரின்னு இன்னொரு டம்ளரையும் போட்டேன். அப்புறம் அவ சாப்பிடுறத பாக்குறதுதான் எனக்கு ஒரே ஆறுதல். குறைச்சிட்டா பிள்ளை கேக்க வெக்கப்படுவாளேன்னு கடைசி வரைக்கும் குறைக்கவே இல்ல."

அக்கா, அவர் உனக்காகப் போட்டிருக்கிறார். நீ அவருக்காகச் சாப்பிட்டிருக்கிறாய். எனக்கு அங்கேயே நின்றபடி சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஏன், அவளுக்குப் பசிக்கலையா அப்ப?" என்றார்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நீங்களே அவகிட்ட கேளுங்கப்பா. ஆனா போன்ல சாப்டியான்னு மட்டும் கேக்காதீங்க" என்றேன். அதிகம் பேசிவிட்டேன் என்றால் மன்னித்துவிடு.

அன்றைக்கு அவர் பஸ்ஸைக் கழுவப் போகவில்லை, நான் எட்டிப் பார்த்தேன். இன்று காலையில் வண்டியின் லாக் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். அப்படியே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இனிமேல் உன்னை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

உன்,
நத்தை

(அப்பாவின் தாள்)

பெரிய மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். வண்டியும் நலம். பானையில் மிஞ்சினால் மிஞ்சட்டும் அம்மா. நான் பார்த்துக்கொள்வேன். ஜூன் பத்தை அழித்துவிட்டேன், உனக்கு எப்போது முடியுமோ அப்போது வட்டம் போடுகிறேன். போனில் சாப்பிட்டாயா என்று இனிக் கேட்கக் கூடாதாம். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே சொல்லிக்கொடு.

ஜூன் 12

என் நத்தைக்கு,

நலமாக இருக்கிறேன். இதை இப்போது உண்மையாகவே எழுதுகிறேன். நீயும் அப்பாவும் எப்படி?

உங்கள் கடிதம் நாலு மணிக்கு வந்தது. செருப்போடு, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் பிரித்தேன். "வண்டியும் நலம்" என்ற இடத்தில் சிரிக்கத் தொடங்கினேன். "மிஞ்சட்டும் அம்மா" என்ற இடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் ஒரு டம்ளர் அரிசியை வைத்துக்கொண்டு நானும் அவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றியிருக்கிறோமே. ரொட்டி ஞாபகம் வந்தபோது ஆறு மணி.

டாக்டரிடம் போய் மூன்று மாதம் வராததைச் சொன்னேன். விழுந்து விழுந்து திட்டுவார் என்று நினைத்தேன். "நல்லவேளை வந்தீங்க, ஏறி நில்லுங்க" என்றார். அவ்வளவுதான். செப்டம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறார். சலவைக்கூடத்தில் தூக்குகிற வேலையிலிருந்து மாற்றும்படி ஒரு சீட்டும் எழுதித் தந்தார். கேட்டிருந்தால் முன்பே தந்திருப்பாராம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. சில நாள் கை போகத்தான் செய்கிறது. இப்போது ஒரு தட்டை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உட்கார்ந்தால் பெரும்பாலும் இரண்டு துண்டோடு போதும் என்று ஆகிவிடுகிறது. ஆகாத நாளில் நோட்டில் ஒரு வரி எழுதுகிறேன். குப்பையில் ஒளிக்கிற வேலை மட்டும் இல்லை. எவ்வளவு பெரிய மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருக்கிறது தெரியுமா, எனக்கு மூட்டையைப் பற்றித் தெரியும்.

அப்பா நேற்று போன் செய்தார். எடுத்ததுமே, "இன்னைக்கு எத்தன போர்வ மடிச்ச?" என்றார். நானூற்றுப் பன்னிரண்டு என்றேன். "அடேயப்பா, ஓரம் ஓரமா சேத்து மடிப்பியா, நடுவுல மடிப்பியா?" என்றார். இருபது நிமிஷம் பேசினோம். உன் சிரிப்பும் கேட்டது. நீ ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்து சிரித்திருக்கிறாய், திருட்டு நத்தையே.

அக்கா

அக்டோபர் 5

என் நத்தைக்கு,

நீயும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று தெரியும், நேற்றுதானே பேசினோம். ஆனாலும் கடிதத்தில் கேட்காவிட்டால் கடிதம் போலவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். தையல் காய்ந்துவிட்டது. பத்து கேட்டார்கள், எட்டு கிலோதான் குறைந்தது. "எட்டு போதும், தள்ளிப்போட வேணாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழித்ததும் ஒரு நர்ஸ் வந்து, "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். எனக்குள்ளே போய்ப் பார்த்தேன். பசித்தது. வெறும் பசி. ஆமாம் என்றேன். அரைக் கிண்ணம் கஞ்சி குடித்து, மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் வேலைக்குப் போகிறேன், மடிப்பு மேஜை மட்டும். ஒரு புதுச் சட்டை வேண்டும். அளவு வைத்திருக்கிறேன். நூலை நன்றாகப் பார்.

அக்கா

நூலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றல்ல, நாலைந்து நெளிவுகள் இருந்தன. ஒவ்வொரு மாதமும் போட்ட முடிச்சை அவள் பிரித்து அடுத்ததைப் போட்டிருக்கிறாள். எந்த நெளிவு எந்த மாதம் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் குறித்திருந்தாள். ஜூலையில் ஒன்று உள்ளே போயிருந்தது, ஆகஸ்ட்டில் ஒன்று கொஞ்சம் வெளியே வந்திருந்தது, பிறகு மீண்டும் உள்ளே. எதையும் நீவி மறைக்கவில்லை. கடைசியாக இருந்த முடிச்சு இறுக்கமாக இருந்தது.

மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்ன, இந்தத் தடவையும் உள்ள ஒரு கஜம் விடப் போறியா?" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"இல்ல மாஸ்டர்" என்றேன். கடைசி மெஷின்வரை கேட்டிருக்கும்.

நூலை டேப்பின்மேல் நீட்டினேன். முடிச்சு நின்ற இடத்தில் சாக்குக்கட்டியால் குறித்து, எல்லாருக்கும் விடுகிற அரை அங்குலத்தை மட்டும் உள்ளே விட்டு, துணியை வெட்டினேன்.